கண்ணாடி மறந்தவர்களின் மொழி ஆராய்ச்சி

எனக்கு வேலை போகவிருந்த வருஷத்தில்தான் கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர்களுக்கு ஜார்ஜிய மொழியைப் பற்றியும் சயாம் மொழியைப் பற்றியும் ஒரே நேரத்தில் கவலை வந்தது. அறுபதுகளின் ஆரம்பம் அது. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ்ப் பிரிவின் டீச்சர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள அறை, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தமிழ். அந்தப் பக்கத்தில் போடும் சத்தத்தில் என் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே படித்துவிடுவார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒன்றாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது சேர வேண்டும், இல்லாவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவோம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. சட்டம் அப்படி. எனக்குக் கோபமெல்லாம் எங்கள் ஆட்கள் மேல்தான். பாலக்காட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற குடும்பங்கள். வீட்டுக்கு வீடு ஐந்து வயதுப் பிள்ளை உண்டு. பத்துப் பேரைப் பொறுக்குவது ஒரு காரியமா என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் ஆட்களைப் பிடிக்க வேண்டுமானால் தமிழ் வாசகசாலைக்குத்தான் போக வேண்டும். சுக்கு மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் அது இருந்தது. கீழே மூட்டை அவிழ்த்தால் மேலே எல்லோரும் தும்முவார்கள். உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவர் அழுகிறாரா, காரம் ஏறித் தும்மலை அடக்குகிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பல பேருக்கு அங்கே நல்ல பேச்சாளர் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

வாசகசாலைக்கு மதராஸிலிருந்து தமிழ்ப் பத்திரிகை ரயிலில் ஒரு நாள் பழசாகி வரும். அது வந்ததும் ஒரு சடங்கு நடக்கும். தலைவர் அதைப் பிரித்து, கையை நீட்டிப் பிடித்து, சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். "அடடா, இன்னிக்குன்னு பாத்துக் கண்ணாடிய எடுக்க மறந்துட்டேன். நீங்க வாசியுங்கோ" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். அவரும் பையைத் தடவுவார். இப்படிப் பத்திரிகை கைமாறிக் கைமாறிக் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கணக்குப்பிள்ளையிடம் போய் நிற்கும். அவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார்கள். அதே மனிதர்கள் மலையாளப் பத்திரிகையை, மூலையில் கிடக்கும் பொடி எழுத்து விளம்பரம் உட்பட, கண்ணாடி இல்லாமலே படிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. கல்யாணப் பேச்சு, கடிதம், மளிகைச் சாமான் குறிப்பு எல்லாம் தமிழிலேயே இருக்கும், ஆனால் மலையாள எழுத்தில் இருக்கும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிற மாதிரி, பழகிவிட்டால் அதுவும் ஒரு வழக்கம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களைக் கூட்டிப் பேச வாசகசாலை ஹாலைக் கேட்கப் போனேன். தலைவர் அரிசி மொத்த வியாபாரி. பெரிய மீசை, பெரிய மனசு, இரண்டும் வெளியே தெரியும்படி வைத்திருப்பார்.

"அன்னிக்கு ஹால் ஒழிவில்லையே டீச்சர். ரொம்ப முக்கியமான காரியம் ஒண்ணு வெச்சிருக்கோம்."

"என்ன காரியம்?"

"ஜார்ஜிய பாஷையும் சயாம் பாஷையும். ஒப்பிட்டுப் பாக்கப் போறோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் உறுப்பினர் ஒருவர் கப்பல்களுக்குக் காய்கறியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் குமாஸ்தா. கப்பல்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். துறைமுகத்துக்கு அடிக்கடி வரும் ருஷ்யக் கப்பல் ஒன்றில் சமையல்காரர் ஜார்ஜியா தேசத்தவர். இருவருக்கும் முட்டை எண்ணும்போது சிநேகம். ஒரு நாள் அந்தச் சமையல்காரர் குடை வாங்க மட்டாஞ்சேரிக்கு வந்தவர் வாசகசாலைக்கும் வந்து, சிகரெட் அட்டையின் பின்புறத்தில் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். சுழித்துச் சுழித்து, ஜாங்கிரி பிழிந்த மாதிரி. "இது நம்ம எழுத்தாட்டம்னா இருக்கு!" என்று தலைவர் குதித்திருக்கிறார். நம்ம எழுத்து என்று அவர் சொன்னது மலையாள எழுத்தை. அங்கே இன்னொருவர் இருந்தார். பாங்காக்கில் அரிசிக் கம்பெனியில் பல வருஷம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பிய சயாம்காரர். அவருக்குப் பொறுக்கவில்லை. எழுத்து என்று பார்த்தால் சயாம் எழுத்துத்தான் தென்னாட்டிலிருந்து போனது, ஜார்ஜியா யாரோ, நாம் யாரோ என்று அவர் சொல்ல, சண்டை வந்து, சண்டை கூட்டமாகிவிட்டது.

"எங்க பள்ளிக்கூட விஷயமும் முக்கியந்தான். ஜூன்ல பிள்ளைங்க சேரலேன்னா தமிழ் போயிடும், கூடவே என் ஜோலியும் போயிடும்" என்றேன்.

"அதொண்ணும் சாரமில்லை, கவலைப்படாதேங்கோ டீச்சர். ரெண்டையும் சேத்து நடத்திடலாம். பாஷை விஷயந்தானே ரெண்டும்? கடைசீல நீங்களும் ரெண்டு வார்த்தை பேசிக்கோங்கோ."

எனக்கு அந்த இரண்டு வார்த்தையே போதுமாயிருந்தது. சரியென்றேன்.

கூட்டத்துக்கு ஹால் நிறைய ஆள். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவில் கொங்கணியும் அடுத்ததில் குஜராத்தியும் அதற்கடுத்ததில் கட்ச் பக்கத்துக் கச்சி பாஷையும் கேட்கும். ஒவ்வொன்றிலும் விலை கேட்கவும் திட்டவும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதனால் தங்களை மொழி வல்லுநர்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மலையாள எழுத்தில் எழுதிய தமிழ் நோட்டீஸ் வாசலில் தொங்கியது. ஆர்வத்தோடு கற்க நினைப்பவர்கள் அனைவரும் வருக என்று அதில் இருந்தது.

நேர்மையாகச் சொன்னால் பேசிய இருவரும் நன்றாகவே பேசினார்கள். சயாம்காரர் முதலில் எழுந்து, சயாம் மொழியில் சொல்லைவிட ராகம் முக்கியம் என்றார். "'மா'ன்னு நேராச் சொன்னா வான்னு அர்த்தம். கீழேந்து மேலே இழுத்தா நாய். உச்சத்துலயே வெச்சுச் சொன்னா குதிரை."

முன்வரிசையில் ஒருவர், "அப்போ மாமியாரை வான்னு கூப்பிடறச்சே ராகம் தப்பினா?" என்று கேட்டார்.

"அன்னிக்குச் சோறு கிடையாது."

உடனே ஹால் முழுக்க மா மா என்று பழக ஆரம்பித்தது. கீழே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆட்டுச் சந்தை கூடியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கப்பல்காரர் எழுந்து, ஜார்ஜியத்தில் ராகமெல்லாம் கிடையாது, தொண்டைதான் வேண்டும் என்றார். தொண்டையை அடைத்து ஒரு 'க' சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் வெடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு உயிரெழுத்தே இல்லாமல் எட்டு மெய்யெழுத்தை முட்டி மோதவிட்டு, கடைசியில் ஒரு 'இ' போட்டு முடிக்கும் ஒரு சொல்லைச் சொன்னார். தமிழில் அதை எழுதினால் முழுக்கப் புள்ளியாகத்தான் இருக்கும். 'நீ எங்களை உரிக்கிறாய்' என்று அதற்கு அர்த்தமாம். யார் யாரை உரிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே வினைச்சொல்லுக்குள் அடக்கம். சயாம் மொழியில் வினைச்சொல் ஒரு நாளும் உடை மாற்றாது. நேற்றைக்கும் அதே, நாளைக்கும் அதே. காரியம் முடிந்துவிட்டது என்று காட்டப் பின்னால் ஒரு 'லேவ்' போட்டால் போதும். நாம் சாப்பிட்டாச்சு, போயாச்சு என்று ஓர் 'ஆச்சு' போட்டு முடிக்கிற மாதிரி.

கப்பல்காரர் இன்னொன்று சொன்னார். அங்கே நான் உண்மையாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கிலீஷ்காரன் 'நான் விரும்புகிறேன்' என்று தன்னை முன்னால் நிறுத்திக்கொள்வான். ஜார்ஜியர்கள் 'மிந்தா' என்கிறார்கள். 'எனக்கு வேண்டும்' என்று அர்த்தம். ஆசை ஆளிடம் வருகிறது, நம் தமிழில் வருவது போலவே. மலையும் பனியும் உள்ள எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும் என்று என்னைப் போலவே யோசிக்கிறான் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்த நிமிஷம் பள்ளிக்கூடத்தையே மறந்துவிட்டேன்.

தலைவர் விடவில்லை. ஒவ்வொன்று சொல்லி முடித்ததும், "அது நம்மளோடதாக்கும்" என்று ஒரு முத்திரை குத்திக்கொண்டே வந்தார். சயாமில் மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் சொல்வார்கள், அண்ணன் தம்பி என்று முடிவு கட்டாமல் பேச்சே தொடங்காது என்றார்கள். "அது நம்மளோடது." ஜார்ஜியத்தில் அப்பாவுக்கு 'மாமா', அம்மாவுக்கு 'தேதா' என்றார்கள். ஹால் சிரித்து அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. தலைவர் மட்டும் சிரிக்காமல், "வழியில மாறிப்போச்சு. போனது இங்கேந்துதான்" என்றார். ஜார்ஜியர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் 'வெற்றி' என்று வாழ்த்துவார்களாம். சயாமில் சோறு சாப்பிட்டாச்சா என்று கேட்பார்களாம். மட்டாஞ்சேரித் தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்தால் "எந்தா விசேஷம்?" என்று மலையாளத்தில்தான் கேட்பான். அதை அங்கே யாரும் ஒப்பிடவில்லை.

கடைசியில் எழுத்துக்கு வந்தார்கள். கப்பல்காரர் சிகரெட் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ருஷ்ய ஆட்சியில் இத்தனை காலம் இருந்தும் அந்த ஜனங்கள் தங்கள் எழுத்தை விடவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதல் பாடத்தை இன்றும் அதிலேதான் படிக்கிறார்கள் என்றார். சயாம்காரர், பாங்காக்கில் கடைப் பலகை முதல் சினிமா டிக்கெட் வரை அவர்கள் எழுத்துத்தான் என்றார். கைதட்டல் கிடங்கையே அதிரவைத்தது.

தலைவர் முடிவுரைக்கு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை எடுத்து வாசித்தார். "எழுத்தை இழந்த இனம் முகத்தை இழந்த இனம். ஜார்ஜியனைப் பாருங்கள். சயாமியனைப் பாருங்கள். தன் எழுத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காதவன் அவனுக்கு எதைக் கொடுத்து என்ன?" அவர் கண்ணில் நீர் வந்தது. சுக்கா, துக்கமா, தெரியவில்லை. நான் முன்வரிசையில் இருந்தேன். அந்தக் காகிதங்களில் இருந்தது முழுக்க மலையாள எழுத்து. என் இரண்டு பக்கமும் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கண்ணாடியில்லாமல் தங்கு தடையின்றி வாசிக்கிறாரே என்று பாராட்டாகத்தான் பார்த்தார்கள்.

அங்கேயே அதைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. ஆனால் எனக்குக் காரியம் ஆக வேண்டும். எழுந்து என் இரண்டு வார்த்தையைச் சொன்னேன். "ஜார்ஜியாவில படிக்கறா, சயாம்ல படிக்கறா. இங்கே என் வகுப்புக்குப் பத்துப் பிள்ளைங்க வேணும். இல்லேன்னா ஜூன்ல மூடிடுவா. யாரெல்லாம் அனுப்புவேள்? கை தூக்குங்கோ."

ஹாலில் தூக்காத கை இல்லை. பிள்ளை இல்லாதவர்கள்கூடத் தூக்கினார்கள். தலைவர் இரண்டு கையையும் தூக்கி, "பேரன்தான் முதல் ஆளு!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது சுக்கு இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

ஏலூர் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கால் கழுவிக்கொண்டே, "கை தூக்கறதுக்குக் காசா பணமா?" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். மறுநாள் போய்ப் புது சிலேட்டும் பல்பமும் வாங்கி வைத்தேன்.

ஜூன் வந்தது, மழையும் வந்தது. பள்ளி திறந்த அன்று வாசலில் நின்றேன். நான்கு பிள்ளைகள் வந்தார்கள். சுள்ளிக்கல் பக்கம் புதிதாக வந்து குடிசை போட்டிருந்த கொத்தனார்களின் பிள்ளைகள் மூன்று, மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிற அம்மாவின் மகள் ஒன்று. வாசகசாலை என்று ஒன்று இருப்பதே அந்த வீடுகளுக்குத் தெரியாது. கை தூக்கிய வீடுகளிலிருந்து ஒரு குடைகூட வரவில்லை.

"நாலு போரா டீச்சரே, நாலு போரா" என்று, நாலு போதாதே என்று ஹெட்மிஸ்ட்ரஸ் மலையாளத்தில் வருத்தப்பட்டார். மாதக் கடைசி வரைக்கும் பொறுக்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போனேன். பேரன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

"இங்கிலீஷ் மீடியத்துல சேத்தாச்சு டீச்சர். மருமக பிடிவாதம். அதனாலென்ன, ஆத்துல நன்னாத் தமிழ் பேசறானே!" என்றவர், சாயா கொண்டுவரச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்ல சமயத்துல வந்தேள். நம்ம கூட்டத்தோட பிரசங்கத்தை மலராப் போடறோம். கோயம்புத்தூர் பிரஸ். அங்கே மலையாளம் யாருக்கும் மனசிலாகலையாம். நீங்க இதையெல்லாம் தமிழ் எழுத்துல எழுதித் தந்தா பெரிய உபகாரம்."

அந்த நான்காக மடித்த காகிதங்கள் என் கைக்கு வந்தன. நீ எங்களை உரிக்கிறாய் என்று ஜார்ஜியத்தில் ஒரு சொல் இருப்பது எனக்கு நினைவு வந்தது. என் வாய்க்கு அது வராமல் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

"என் வகுப்பு?" என்றேன்.

"மலர் வேலை முடியட்டும். நானே ஆத்துக்கு ஆத்து ஏறிச் சொல்றேன். ஆறு பிள்ளைதானே வேணும்? தலைவர் கேட்டா யார் இல்லேன்னு சொல்லப் போறா?"

எழுதிக் கொடுத்தேன். ஆறு பிள்ளைகளுக்காகத்தான். பகலில் நான்கு பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டுவேன், மாலையில் தலைவருடைய கண்ணீரைத் தமிழாக்குவேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. 'தன் எழுத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காதவன்' என்ற இடத்தில் மட்டும் பேனாவை அழுத்தியதில் காகிதம் கிழிந்தது. அந்தத் தாளைத் திரும்ப எழுதினேன்.

காகிதங்களை வாங்கிக்கொண்ட தலைவர் ஒரு வீடும் ஏறவில்லை. அரிசி சீசன் என்றார். பிறகு முட்டுவலி என்றார். மாதக் கடைசியில் தட்டியை எடுத்துவிட்டார்கள். அறை நீளமாகிவிட்டது. என் நான்கு பிள்ளைகள் அந்தப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் எங்கே போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல் டீச்சர் ஓய்வு பெற்றிருந்ததால் எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அதற்கு ஹெட்மிஸ்ட்ரஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். பொத்தான் காஜா எடுக்கக் கற்றுக் கொடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் வாரம் முழுவதும் ஊசியில் நூலைக் கோக்கும்போது கண் மறைத்தது.

ஓணம் கழிந்து மலர் வெளியீடு. போகாமலே இருந்திருக்கலாம். அச்சில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற ஆசை விடவில்லை. ஹால் அன்றும் நிறைந்திருந்தது. எல்லோர் கையிலும் ஆளுக்கு ஒரு மலர். கெட்டி அட்டை, நல்ல காகிதம், கறுகறுவென்று அழகான தமிழ் எழுத்து. எல்லோரும் பிரித்தார்கள், முகர்ந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். வழக்கமாக வாசிக்கிற கணக்குப்பிள்ளை தஞ்சாவூருக்கே திரும்பிப் போய்விட்டிருந்தார்.

தலைவர் மேடையில் தம்முடைய பிரசங்கம் இருந்த பக்கத்தைப் பிரித்தார். தாமே பேசிய பேச்சு. கையை நீட்டிப் பிடித்தார். சட்டைப் பையைத் தடவினார்.

"அடடா, கண்ணாடிய எடுக்க மறந்துட்டேன்" என்றார். பக்கத்தில் சயாம்காரர் பையைத் தடவினார். கப்பல்காரரும் தடவினார். மலர் கைமாறிக் கைமாறி முன்வரிசைக்கு வந்து என் முன்னால் நின்றது.

"டீச்சர், நீங்களே வாசிச்சிடுங்கோ" என்றார் தலைவர்.

என் கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றி, துடைத்து, கூட்டில் போட்டு மூடினேன்.

"நானும் மறந்துட்டேன்" என்றேன்.